கட்டை பழசு, தோட்டா புதுசு

பழைய ராணுவ கார்பைன்களை, அதாவது குட்டை ரைஃபிள்களை, அப்படியே போலச் செய்து, உள்ளே பிஸ்டல் தோட்டா போடுகிற மாதிரி மாற்றி விற்கிறார்களே, அந்த நகல்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே துப்பாக்கியைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, இரண்டாம் உலகப் போர்க்கால எம்1 கார்பைன் மாதிரியே இருக்கும் இத்தாலிய நகல் ஒன்றைக் கடையில் பார்த்தேன். 9 எம்.எம். தோட்டா போடுகிறது. அசலைவிட விலை ரொம்பக் குறைவு. நண்பர்கள் "அது பொம்மை" என்கிறார்கள். வாங்கலாமா? (டெக்சாஸ் வாசகர்)

பொம்மை என்று சொல்பவர் அதைச் சுட்டுப் பார்த்திருக்க மாட்டார். "அப்படியே எம்1தான் சார்" என்று விற்பவர் அசலைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு பேரையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு நாம் துப்பாக்கியைப் பார்ப்போம்.

1941-ல் அமெரிக்க ராணுவம் எம்1 கார்பைனை எடுத்துக்கொண்டது, முன்வரிசையில் நிற்காதவர்களையும் மனத்தில் வைத்துத்தான். லாரி ஓட்டுபவர், கம்பி இழுக்கும் சிக்னல்காரர், மோர்ட்டார் தூக்குபவர் இவர்களுக்கெல்லாம் நாலு கிலோவுக்கு மேல் கனக்கும் கராண்ட் ரைஃபிள் பாரம். பிஸ்டல் கொடுத்தால் குறி தப்பும். நடுவில் வந்தது இந்த 2.4 கிலோ சாமான். 1945-க்குள் 60 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். செய்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும்: டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், கணக்கு இயந்திரம் செய்த ஐ.பி.எம்., பாட்டுப்பெட்டி செய்த ராக்-ஓலா. எல்லோரையும்விட அதிகம் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு, ஒஹையோவில் டேடன் நகரத்தில். பாட்டுப்பெட்டிக்காரர் செய்த பாகம் டைப்ரைட்டர்காரர் செய்த துப்பாக்கியில் உட்கார வேண்டும், உட்கார்ந்தது. 26 வருடம் லேத்தும் மில்லிங்கும் ஓட்டியவன் என்ற முறையில் எனக்கு இதுதான் அதன் பெரிய அதிசயம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? குழலில் குண்டு ஓடும்போது அதன் பின்னாலிருந்து கொஞ்சம் வாயு ஒரு சின்னத் துளை வழியாகக் கீழே இறங்கி ஒரு குட்டிப் பிஸ்டனைத் தட்டும். அந்தப் பிஸ்டன் நகர்வது மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். கேரம் காயைச் சுண்டுவது போல ஒரே ஒரு சுண்டு. சுண்டு வாங்கிய ஸ்லைடு என்கிற சறுக்குத் துண்டு பின்னால் ஓடும், ஓடுகிற வழியில், தோட்டாவுக்குப் பின்னால் கதவாக நிற்கும் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கும். இவ்வளவு சின்ன அசைவில் வேலை முடிவதால்தான் துப்பாக்கியே இவ்வளவு ஒல்லி.

9 எம்.எம். நகலில் இந்தப் பிஸ்டனும் இல்லை, பூட்டும் இல்லை. போல்ட்டின் கனமும் ஸ்பிரிங்கும் மட்டும் கதவைச் சாத்திப் பிடித்திருக்கின்றன. ப்ளோபேக் என்பார்கள். 9 எம்.எம். தோட்டாவுக்கு இது தாராளமாகப் போதும், செய்வதும் சுலபம், அதனால்தான் விலை இறங்குகிறது. ஏமாற்று வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் வெளியே எம்1 கட்டை, உள்ளே வேறு இயந்திரம் என்பதைத் தெரிந்துகொண்டு காசைக் கொடுங்கள்.

வாங்குவதற்கு நியாயமான காரணம் இரண்டு சொல்வேன். .30 கார்பைன் தோட்டா 9 எம்.எம். தோட்டாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விற்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் 200 தோட்டா சுடுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். அப்புறம், உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதி இல்லை, பிஸ்டல் தோட்டா என்றால் விடுவார்கள். இந்த இரண்டும் உங்களுக்குப் பொருந்தினால் வாங்குங்கள். பொருந்தாவிட்டால் கொஞ்சம் பொறுத்துக் காசு சேருங்கள். .30 தோட்டாவிலேயே புதிதாகச் செய்த எம்1 இப்போதும் கிடைக்கிறது. அதில் பூட்டும் பிஸ்டனும் இருக்கும்.

கேள்வி: தோட்டா சின்னது. ஆனால் என் 9 எம்.எம். நகல், நண்பனின் அசல் எம்1-ஐவிடத் தோளில் அதிகம் இடிப்பது போல இருக்கிறது. பிரமையா? (ஜார்ஜியா வாசகர்)

பிரமை இல்லை. அசலில் பூட்டு இருக்கிறது, அதைத் திறக்கும் வேலையை வாயு பார்த்துக்கொள்கிறது, பின்னால் வரும் போல்ட்டும் இலேசு. உங்களுடையதில் பூட்டு இல்லாததால் போல்ட்டைக் கனமாக வைத்தாக வேண்டும். அந்தக் கனம் முழுதும் பின்னால் ஓடிவந்து முட்டி, திரும்ப முன்னால் ஓடி இன்னொரு முட்டு முட்டுகிறது. தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. கண் குறியை விட்டு விலகுவதும் இதனால்தான். ஸ்பிரிங் பழசானால் இன்னும் மோசமாகும். மாற்றிப் பாருங்கள், அதிக விலை இல்லை.

கேள்வி: மான் வேட்டைக்கு ஆகுமா?

வேண்டாம். .30 கார்பைன் தோட்டாவே மானுக்குப் போதுமா என்று வேட்டைக்காரர்கள் எழுபது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். அதன் குண்டு குழல் வாயில் ஏறக்குறைய 1,300 ஜூல் சக்தியோடு கிளம்புகிறது. 9 எம்.எம். பிஸ்டலில் 500 ஜூல் பக்கம், நீளக் குழலில் போட்டால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மிருகத்தைக் காயப்படுத்தி ஓடவிடாதீர்கள்.

கேள்வி: கடையில் ஒரு நகலைக் கையில் கொடுத்தால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? (பென்சில்வேனியா வாசகர்)

முதலில் தோட்டா அடுக்கும் மேகஸினை உருவி, போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணாலும் விரலாலும் பார்ப்பேன். கடைக்காரர் இப்போதுதான் பார்த்திருப்பார். இருந்தாலும் நானும் பார்ப்பேன்.

அப்புறம் பையிலிருந்து இரண்டு சாமான் வெளியே வரும். ஒன்று, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற மாதிரி ஒரு சின்னக் காந்தம். போல்ட் ஓடுகிற உடம்பான ரிசீவரில் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் எஃகு. வழுக்கி விழுந்தால் அலுமினியமோ துத்தநாகக் கலவையோ. துத்தநாக வார்ப்பைப் பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டியதில்லை, .22 தோட்டாவுக்கு அது வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் 9 எம்.எம். துப்பாக்கியில் போல்ட் வந்து முட்டுகிற இடத்தில் என்ன உலோகம் என்று கேட்பேன். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் விலையைப் பற்றி இன்னொரு தரம் பேசுவோம்.

இரண்டாவது சாமான், ஒரு அசல் ஆயிலர். எம்1 கார்பைனின் அடிக்கட்டையில் பக்கவாட்டில் ஒரு நீளத் துளை இருக்கும். தோள்வாரை அதில் நுழைத்து, வாரின் மடிப்புக்குள் இந்த எண்ணெய்க் குழாயைச் செருகினால் வார் உருவிக்கொள்ளாது. எண்ணெய் வைக்கவும் ஆயிற்று, வாரைப் பிடிக்கவும் ஆயிற்று, தனியாக ஒரு வளையம் திருக வேண்டியதில்லை. நகலின் துளையில் என் ஆயிலர் சுகமாக உட்கார்ந்தால், செய்தவர் அசலை மேசையில் வைத்து அளந்து செய்திருக்கிறார் என்று நம்புவேன். உட்காராவிட்டால் படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

அடுத்தது, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி. இதற்கு ஒரு கதை உண்டு. முதலில் வந்த எம்1-களில் சேஃப்டி அழுத்துகிற பட்டன். பக்கத்திலேயே மேகஸினைக் கழற்றுகிற பட்டன். பதற்றத்தில் சிப்பாய் சேஃப்டி என்று நினைத்து மற்றதை அழுத்துவார், மேகஸின் மண்ணில் விழும். அதற்காகவே பின்னால் சேஃப்டியைத் திருப்புகிற நெம்புகோலாக மாற்றினார்கள். நகலை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுங்கள். இரண்டும் தடவலில் வேறுவேறாகத் தெரிய வேண்டும். ராணுவம் அனுபவித்துத் திருத்திய தவறை நகல் மறுபடி செய்திருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன்.

குறி பார்க்கும் பின் சைட்டைப் பாருங்கள். ஆரம்ப அசலில் எல் வடிவத்தில் மடங்கும் சைட், 150 கஜத்துக்கு ஒரு துளை, 300-க்கு ஒரு துளை. பின்னால் வந்ததில் 300 கஜம் வரை ஏற்றி இறக்கும் எண்கள். 9 எம்.எம். நகலில் அதே "300" பொறித்திருந்தால் அது வெறும் அலங்காரம். 50 கஜத்துக்குக் குறி வைத்துவிட்டு 100 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். .30 குண்டு இரண்டு அங்குலம் போலத்தான் இறங்கும், 9 எம்.எம். முக்கால் சாண் இறங்கிவிடும். 300-ஐப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

முன் சைட்டை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நகல் வாங்கி, பெட்டி பிரித்த அன்றைக்கே ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். முதல் ஐம்பது தோட்டா சொன்ன இடத்தில் விழுந்தது. அப்புறம் குறி இடப்பக்கமாக நகர ஆரம்பித்தது. என் விசை விரல்தான் சரியில்லை என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் கொடுத்துச் சுடச் சொன்னேன், அவருக்கும் இடம்தான். அவர்தான் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "உன் சைட் தூங்கப் போகிறது பார்" என்றார். முன் சைட் வலது பக்கம் முடியளவு சாய்ந்திருந்தது. அசலில் அதைக் குழலோடு சாவி என்கிற ஒரு சின்ன உலோகத் துண்டு வைத்துப் பொருத்தி, குறுக்கே ஊசி அடித்திருப்பார்கள். இதில் கடுகு அளவு ஸ்க்ரூ ஒன்று. விற்றவருக்கு எழுதினேன். "ஸ்க்ரூவை முறுக்கிக்கொள்ளவும்" என்று பதில் வந்தது. முறுக்கினேன். பத்து நாளில் மறுபடி சாய்ந்தது. கடைசியில் சாவியும் ஊசியும் நானே கடைந்து போட்டேன். இப்போது ஆடுவதில்லை. ஆனால் புதுத் துப்பாக்கி வாங்குகிறவர் எல்லோர் வீட்டிலும் லேத் இருக்காதே.

மேகஸினில் மட்டும் நகலுக்கு முழு மதிப்பெண். அந்த இத்தாலிய 9 எம்.எம்., பெரெட்டா 92 பிஸ்டலின் மேகஸினை எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று ஒரு வினோத மேகஸின் செய்து, நாலு வருடத்தில் கடையை மூடிவிட்டால் நாம் எங்கே போய்த் தேடுவது? இந்தத் தொல்லை இதில் கிடையாது. ஆனால் சில மாநிலங்களில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகஸினுக்குத் தடை உண்டு, உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலக்குழப்பத்தைப் பற்றியும் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆரம்ப கால மடிப்பு சைட்டும், போர் முடிகிற சமயத்தில் வந்த பயனெட் கத்தி மாட்டும் கொக்கியும் ஒரே நகலில் இருக்கிறது, இது தப்பில்லையா என்று. புத்தகப்படி தப்புதான். ஆனால் போருக்குப் பிறகு ராணுவப் பட்டறைகளே லட்சக்கணக்கான அசல்களைப் பிரித்து, பழையதும் புதியதும் கலந்து திரும்பப் பூட்டின. கலப்படம் என்று பார்த்தால் அசலிலேயே நிறைய உண்டு. இதற்காக நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

கேள்வி: கார்பைனில் 9 எம்.எம். போடுவதே ராணுவம் ஒதுக்கிய யோசனை என்று ஒருவர் வாதாடுகிறார். உண்மையா?

ஒரு சம்பவத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். 1940 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸன், "லைட் ரைஃபிள்" என்று 9 எம்.எம். கார்பைன் ஒன்று செய்தது. பிரிட்டன் முன்பணம் கொடுத்துக் கேட்டது. பிரிட்டிஷ் 9 எம்.எம். தோட்டா கொஞ்சம் காரம் அதிகம், சோதனையில் துப்பாக்கி உடைந்தது. வாங்கிய பணத்துக்குக் கடைசியில் ரிவால்வர்களாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். அந்த ஒரு வடிவமைப்பு தோற்றது, உண்மை. அதே தோட்டாவைப் போட்ட ஸ்டென், ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பல வருடம் ஓடின என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். எம்1 உடம்பில் 9 எம்.எம். போடுவதும் நேற்று வந்ததில்லை, 1980-களிலேயே ஐவர் ஜான்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்து விற்றது.

கேள்வி: தாம்சன் நகல் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் அபிப்பிராயம்? (இல்லினாய் வாசகர்)

முதலில் வீட்டில் சொல்லுங்கள். அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கவும் முடியாது, அவ்வளவு கனம். 1927ஏ1 என்ற பெயரில் வருகிற .45 நகல் 13 பவுண்டு, ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. விசையைப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் அசல், போர்க்கால எம்1ஏ1 தாம்சன் சப்மெஷின் கன், அதுவே ஐந்து கிலோ பக்கம்தான்.

இதில் தோட்டாவை மாற்றவில்லை. அசலிலும் .45, நகலிலும் .45. மாறியது வேறு. அசலின் குழல் பத்தரை அங்குலம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி சாதாரண ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதனால் நகலின் குழல் பதினாறரை. பார்த்தவுடன் கண்ணில் குத்தும், தாத்தா வேட்டியைப் பேரன் கட்டிக்கொண்ட மாதிரி.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. அசல் தாம்சனில் போல்ட் பின்னால் நின்று காத்திருக்கும். விசையை இழுத்தால் ஓடிவந்து தோட்டாவைத் தள்ளி வெடிக்கவைக்கும். இப்படி ஓபன் போல்ட்டில், ஆனால் ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா மட்டும் சுடுகிற அரைத்தானியங்கிகளைச் சுலபமாக இயந்திரத் துப்பாக்கியாக மாற்றிவிடலாம் என்று 1982-ல் அரசு முடிவு செய்ததால், இன்று வருகிற நகல்களெல்லாம் மூடிய போல்ட்டிலிருந்து சுடுகின்றன. குறிக்கு அது நல்லது. ஆனால் விசையை இழுத்ததும் உள்ளே ஒரு கனம் ஓடிவந்து முட்டி, அப்புறம் வெடிக்கிற அந்த உணர்வு போய்விட்டது. கடையில் போல்ட்டை ஒரு பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். ஏழாவது தடவை முழங்கை கெஞ்சினால் யோசியுங்கள்.

கேள்வி: இந்தியாவில் போலீஸ்காரர்கள் "கார்பைன்" என்று சொல்வது இந்த எம்1-தானா? (நியூ ஜெர்சி வாசகர்)

இல்லை. அது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங். ஜார்ஜ் பேட்செட் வடிவமைத்தது, 9 எம்.எம்., இடது பக்கமாக நீட்டிக்கொண்டு வளைந்த மேகஸின், குழலைச் சுற்றிச் சல்லடை போலத் துளையிட்ட உறை. பிரிட்டன் 1953-ல் எடுத்துக்கொண்டது. இந்தியா கான்பூரில் செய்து 1ஏ கார்பைன் என்று பெயர் வைத்தது. நியாயமாகப் பார்த்தால் அது சப்மெஷின் கன், ஆனால் எல்லோர் வாயிலும் கார்பைன்தான்.

அமெரிக்காவில் இதன் அரைத்தானியங்கி நகல்களும் வந்தன. பழைய ஸ்டெர்லிங்கின் பாகங்களை வைத்துக்கொண்டு, ரிசீவரையும் போல்ட்டையும் குழலையும் புதிதாகச் செய்து பூட்டியவை. ஒரு விஷயத்தில் எனக்கு இது எம்1 நகலைவிட உயர்வு: தோட்டா அசல் தோட்டாவே, மேகஸினும் அசல் மேகஸினே. அந்த மேகஸினைத் தனியாகப் புகழ வேண்டும். உள்ளே தோட்டாவைத் தள்ளுவது தட்டையான தகடு இல்லை, உருளும் இரண்டு ரோலர்கள். 34-வது தோட்டாவையும் கட்டைவிரலால் சிரமமில்லாமல் அழுத்தி உள்ளே விடலாம். குறை, வழக்கம்போல 16 அங்குலக் குழல். அசலில் எட்டு அங்குலம்கூட இல்லை. மீதி எட்டு அங்குலம் சல்லடைக்கு வெளியே குச்சி போல நீட்டிக்கொண்டு நிற்கிறது.

கேள்வி: நகல்களின் விலை பிற்காலத்தில் ஏறுமா?

அசலுடையது ஏறியிருக்கிறது. நகலைச் சுட வாங்குங்கள்.

கேள்வி: எல்லாவற்றிலும் குறை சொல்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த நகல் என்று ஒன்றாவது உண்டா? (மிச்சிகன் வாசகர்)

உண்டு. ஸ்பென்ஸர் கார்பைன். கிறிஸ்டஃபர் ஸ்பென்ஸர் 1860-ல் காப்புரிமை வாங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை தூக்கியது. 1863-ல் ஜனாதிபதி லிங்கனே ஒரு ஸ்பென்ஸர் துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறார். அதை இத்தாலியில் பிரெஷா பக்கம் இன்றும் செய்கிறார்கள்.

அதன் அசல் தோட்டா ரிம்ஃபையர், அதாவது அடி விளிம்பில் தட்டி வெடிக்கிற வகை, இன்று கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது. அதனால் நகலை .45 ஸ்கோஃபீல்டு போன்ற தோட்டாக்களுக்கு மாற்றினார்கள். அது 1875 வாக்கில் ராணுவ ரிவால்வருக்கு வந்த தோட்டா. ஆக இதுவும் பிஸ்டல் தோட்டா போட்ட ராணுவக் கார்பைன்தான், உங்கள் கேள்விக்குள் அடங்கும். வலு அசலைவிடக் குறைவுதான். ஆனால் இங்கே எல்லா வேலையையும் கை செய்கிறது, வாயுவோ போல்ட்டின் கனமோ எதையும் ஓட்டுவதில்லை. அதனால் தோட்டா மாறியும் இயந்திரம் மாறவில்லை. அடிக்கட்டையின் பின்னாலிருந்து குழாயை உருவி, ஏழு தோட்டாவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டு, குழாயைத் திரும்பச் செருக வேண்டும். லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே கதவாக நிற்கும் உலோகத் துண்டு புரண்டு காலி உறை வெளியே வரும், மேலே இழுத்தால் அடுத்தது ஏறும். அத்தோடு முடியவில்லை. சுத்தியலைக் கட்டைவிரலால் தனியாக இழுத்து வைக்க வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் அதை மறந்துவிட்டு விசையை இழுத்து அசடு வழிந்தேன். 1863-ன் குதிரைவீரனும் முதல் நாள் அசடுதான் வழிந்திருப்பான்.

ஒரு எச்சரிக்கை. குழாய்க்குள் ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை, தட்டினால் வெடிக்கிற அந்தப் பொட்டை, தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதனால் தட்டை மூக்குக் குண்டு மட்டும் போடுங்கள்.

இதே வாசகர் கடிதத்தின் கடைசியில், உங்கள் ஸ்பென்ஸரை எனக்கு விற்பீர்களா என்றும் கேட்டிருக்கிறார். மாட்டேன். அந்த முன் சைட் சாய்ந்த எம்1 வேண்டுமானால் சொல்லுங்கள், பேசுவோம்.